மூன்று ரோட்டரும் ஒரு ரோதமுனியும்

நான் ஒரு தெய்வத்தை உண்டாக்கியவன். பெருமைக்காகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் (பெயரைச் சொன்னால் மாமனார் என்னோடு பேசமாட்டார்) மூடிக் கிடக்கும் தேயிலை ஃபேக்டரியின் வாசலில் இன்றைக்கும் அது உட்கார்ந்திருக்கிறது. நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை. நெற்றி என்று நான் சொல்வது எண்ணெய் ஊற்றும் மூடியை. கழுத்து என்பது தண்ணீர் பம்ப். புது ஆட்டோ வாங்குகிறவர்கள் அதன் முன்னால் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வண்டியை ஓட்டத் தொடங்குகிறார்கள். நானும் கும்பிடுகிறேன். வேறு வழி இல்லை.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பதுளை டவுனில் ஒரு சின்ன கராஜ் வைத்திருந்தேன். மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் திறந்த வெளி. எனக்குப் பிடிபடாத எஞ்சின் இந்த ஊவா மாகாணத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புதான் என்னை ரோட்டரி எஞ்சினிடம் கொண்டுபோய் விட்டது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய் வரும். ரோட்டரியில் பிஸ்டனே கிடையாது. வயிறு பெருத்த ஒரு முக்கோணம் ஒரு பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும். அதுதான் ரோட்டர். பழைய ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிப் போட்ட இரண்டு எஞ்சின்கள் எனக்குக் கிடைத்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு ரோட்டர். இரண்டையும் பிரித்து, நல்ல பாகங்களைப் பொறுக்கி, மூன்று ரோட்டர் எஞ்சின் ஒன்றைக் கட்டப் போகிறேன் என்று அறிவித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் அறிவித்தேன்.

நீளமான நடுத்தண்டை பண்டாரவளையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன். அதில் பெரிய சிரமம் இல்லை. சிரமம் எல்லாம் சூட்டில்தான். ரோட்டரியில் நெருப்புப் பிடிப்பது எப்போதும் ஒரே பக்கத்தில். குளிர்ந்த காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது எப்போதும் மறு பக்கத்தில். ஒரே பெட்டியின் ஒரு சுவரில் அடுப்பு, எதிர்ச் சுவரில் வெலிமடைக் குளிர். ஒரு பக்கம் உலோகம் விரியும், மறு பக்கம் விரியாது. நடுவில் இருக்கும் ரப்பர் வளையம் வெந்துபோகும். தண்ணீர் உள்ளே இறங்கும். அத்தோடு எஞ்சின் முடிந்தது. மூன்று ரோட்டர் என்றால் நடுவில் இருப்பவன் பாடு இன்னும் திண்டாட்டம். லயத்துக் காம்பராவில், தோட்டத்து வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறையில், ஒரே கம்பளிக்குள் மூன்று பேர் படுத்தால் நடுவில் படுத்தவனுக்கு என்ன ஆகுமோ, அதுதான் அவனுக்கும் ஆகும்.

ஆறு மாதம் நான் காற்றையும் தண்ணீரையும் பற்றி மட்டுமே யோசித்தேன். இரண்டு ரேடியேட்டர் வைத்தேன். எண்ணெயை ஆற்றுவதற்குத் தனியாக ஒன்று. நடு ரோட்டருக்குத் தண்ணீர் போகத் தனிக் குழாய். காற்றை வாரி உள்ளே அனுப்ப முன்னால் தகரத்தில் அகலமாக ஒரு வாய். எஞ்சினின் பலத்தைத் தின்கிறது என்று ஃபேனைக் கழற்றி மூலையில் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு பழைய ஜீப்பில் ஏற்றி, பசறை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். வேகமாகப் போகும்போது சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது, அசையவில்லை. ("வேகமாகப் போகும்போது" என்பதை வாசிப்பவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவும். நான் வைத்துக்கொள்ளவில்லை.) அந்த முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சரை எஞ்சினின் ஆக உயர்ந்த இடத்தில் மாட்டியிருந்தேன். அதற்கு எந்த விஞ்ஞானக் காரணமும் இல்லை. அங்கேதான் ஸ்பேனர் லேசாகப் போனது.

ஒரு விசயம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகு எஞ்சினுக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் வரும். காய்ச்சல்காரன் தூக்கத்தில் முனகுவது போல இருக்கும். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, பெருமூச்சு ஒன்றை விட்டு அடங்கிவிடும்.

டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ரிஸ்வான் நானாதான் எனக்கு வேண்டிய சாமான்களைத் தேடிக் கொடுப்பவர். அந்தச் சத்தத்தை முதல் தடவை கேட்டபோது கையிலிருந்த பிளேன்டீயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தம்பி, உள்ளுக்கு யாரோ ஈக்கிறாங்க."

"தண்ணி கொதிக்கிற சத்தம் நானா."

"கொதிக்கலன்னுதானே முள்ளு காட்டுது?"

"அதான் சொல்றேன், ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாதது ஏன் இப்படி மொனகுது?" என்று கேட்டவர் மிச்ச டீயைக் குடிக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு சாமான்களை வாசலில் வைத்துவிட்டுக் கூப்பிடுவார். உள்ளே வரமாட்டார்.

இனி கோகிலா. அவள் அந்தத் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். இரண்டு வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் விரும்பிக்கொண்டிருந்தோம். அவளுடைய அப்பா பெருமாள் கோயில் கமிட்டித் தலைவர். ஃபேக்டரி ஓடிய காலத்தில் மாடியில் கொழுந்து வாட்டும் ஃபேன்களைப் பார்த்துக்கொண்டவர், மூடிய பிறகு மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குக் கங்காணி. அதிகம் பேசாத மனிதர். பண்டாரவளையில் பேங்கில் வேலை செய்யும் ஒரு மாப்பிள்ளையை அவர் பார்த்து வைத்திருந்தார். கோகிலா மூன்று நாள் அழுததில், "திருவிழா முடியட்டும், பாப்போம்" என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தார்.

திருவிழாவுக்கு முதல் நாள், மாரியம்மன் தேரை இழுக்கும் டிராக்டர் படுத்துவிட்டது. செய்தி கிடைத்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"தலைவரே, தேர நான் இழுக்குறேன்."

அவர் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்தார். "இது இழுக்குமா?"

"மூணு ரோட்டரு. தேர மட்டுமில்ல, கோயிலயே இழுக்கும்."

(இப்படிச் சொன்னவன் இப்போது எதிரே வந்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன்.)

"கோயில் இருக்குற எடத்துலயே இருக்கட்டும். தேர லயமெல்லாம் சுத்திக் கொண்டாந்து, கோயில் வாசல்ல நல்லபடியா நிப்பாட்டிருங்க. அப்பறம் ஒங்க வீட்டாளுகள வரச் சொல்லுங்க."

அவ்வளவுதான் அவர் கேட்டது. கோயில் வாசலில் தேர் நின்றால் எனக்குக் கோகிலா. நிற்காவிட்டால் அவளுக்குப் பேங்க்.

பக்கத்தில் நின்ற பூசாரி முத்தையா என்னைப் பார்த்து, "ரோதமுனிக்குத் தேங்கா ஒடச்சீங்களா?" என்றார்.

ரோதமுனி ஃபேக்டரியின் சாமி. ரோதை என்றால் மெஷின் சக்கரம். ஃபேக்டரி வாசலில் அவருக்கு ஒரு கல்லும் ஒரு சூலமும் உண்டு. ஃபேக்டரி ஓடிய காலத்தில் அவருக்குச் சூடம் காட்டாமல் மெஷினை ஓட விடமாட்டார்கள். காட்டாத அன்று ரோதை யாருடைய கையையாவது கேட்டுவிடும் என்பார்கள். கதவு மூடிப் பல வருடமாகியும், அந்த வாசலைக் கடக்கும் டிரைவர்கள் ஒரு தடவை ஹாரனைத் தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

"பூசாரி, அவரு பழைய மெஷினுக்குச் சாமி. இது ரேஸ் எஞ்சின்," என்றேன்.

பூசாரி சிரிக்கவில்லை. "சுத்துறதெல்லாம் அவரோடதுதாங்க," என்றார்.

மறுநாள் காலையில் ஜீப்பை அலங்கரித்தார்கள். இரண்டு பக்கமும் வாழை மரம், குறுக்கே வேப்பிலைத் தோரணம். முன்பக்கத்துக்குக் கோகிலாவே உட்கார்ந்து கட்டிய செவ்வந்தி மாலைகள். ஒவ்வொன்றும் கை தடிமன், பதினோரு வரிசை. அதற்கு மேல் அம்மன் படம் போட்ட சிவப்புத் துணி. தகர வாய் இருந்த இடமே தெரியவில்லை.

கட்டி முடித்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "ஏங்க, காத்து போறதுக்கு எடம் விட வேணாமா?"

ஆறு மாதம் காற்றைப் பற்றியே யோசித்தவன் நான். அந்த நேரத்தில் எனக்குக் காற்று என்ற ஒன்று இருப்பதே ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் புதுச் சேலையில், விரல் நுனியெல்லாம் மஞ்சளாக நின்றாள். "நீ கட்டுனதே போதும், அதெல்லாம் வேணாம்," என்றேன்.

தேர் புறப்பட்டது. ரேஸ் எஞ்சின் ஒன்று மனிதர் நடக்கும் வேகத்தில், முதல் கியரில், ஃபேன் இல்லாமல், பூப்போர்வை போர்த்திக்கொண்டு மலை ஏறியது. காலையில் கீழ் லயங்களைச் சுற்றும் வரை பிழைத்தோம். ஒவ்வொரு லயத்து வாசலிலும் தேர் நின்று நின்று போனதால் எஞ்சினுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. மூன்று மணிக்கு, மலை உச்சியிலிருக்கும் மேல் லயத்தை நோக்கி ஏறத் தொடங்கினோம். அப்போதுதான் மூடுபனி இறங்கியது.

அந்த மலையில் பனி மேலேயிருந்து வராது. பள்ளத்துத் தேயிலைக்குள்ளிருந்து எழும்பி வரும். முதலில் ரோட்டோரத்து மரங்கள் போயின. பிறகு தப்பு அடிப்பவர்கள் போனார்கள். சத்தம் மட்டும் எங்கோ தரைக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தேர் இல்லை, சனம் இல்லை. வெள்ளைக்குள் ஒரே ஒரு விளக்கு ஆடிக்கொண்டு என்னைப் பின்தொடர்ந்தது. அது தேர் விளக்குதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

முள் ஏறியது. நடுவைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது, சிவப்பைத் தொட்டது. நிறுத்தினால் அந்த ஏற்றத்தில் தேர் பின்னால் உருளும். நிறுத்தாவிட்டால் எஞ்சின் போகும். அம்மனை வேண்டிக்கொண்டே ஓட்டினேன். அப்போது யாரும் தொடாமல் அந்த முள் இறங்கத் தொடங்கியது. நிதானமாக நடுவுக்கு வந்தது. நடுவிலும் நிற்காமல் இன்னும் இறங்கி, குளிர் என்று போட்டிருக்கும் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? பயந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். இந்தப் பனியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட என் மூளையை மெச்சிக்கொண்டேன். (உண்மையில் உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகி, அந்த ஆவி ஆக உயர்ந்த இடத்தில் தேங்கி நின்றது. சென்சரைச் சுற்றித் தண்ணீரே இல்லை. எதைத் தொட்டு அது சூட்டைச் சொல்லும்?) முள் குளிர் என்றது. ஆனால் என் பாதம் செருப்போடு வெந்தது. முகத்தில் பனி சில்லென்று வழிந்தது. எங்கிருந்தோ பூவை அவிக்கும் வாசம் வந்தது.

அந்த வாசத்தோடுதான் ஃபேக்டரி வாசலுக்கு வந்து சேர்ந்தோம். உடைந்த சன்னல்கள், தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர். மேல்மாடிச் சுவரில் பழைய ஃபேன் ஒன்று, கரண்ட் இல்லாத கட்டடத்தில், மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாரனைத் தட்ட மறந்துவிட்டேன்.

தலைவர் பனிக்குள்ளிருந்து கையைக் காட்டிக்கொண்டு வந்தார். "நிப்பாட்டுங்க தம்பி. ரோதமுனிக்குப் பூச போடணும்."

தேரின் சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். சாவியைத் திருப்பி எடுத்தேன்.

எஞ்சின் நிற்கவில்லை.

"நிப்பாட்டச் சொன்னேனே?"

"நிப்பாட்டிட்டேன் தலைவரே."

"ஓடுதே?"

நான் சாவியைத் தூக்கிக் காட்டினேன். அவர் சாவியைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். மறு பேச்சில்லாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பெண் குலவையிட்டாள். இன்னொருத்தி ஆடத் தொடங்கினாள். ஜீப் குலுங்கிக் குலுங்கி, இருமி இருமி ஓடியது. எஞ்சினுக்குள் படிந்த கரி சிவந்து கனன்றால், தீப்பொறி இல்லாமலே பெட்ரோல் பற்றும். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும் வரை ஓடும். இது எனக்குத் தெரியும். ஆனால் சாவி கையில் இருக்க எஞ்சின் ஓடும்போது, தெரிந்ததெல்லாம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

பிறகு அது தானாக நின்றது. தப்பும் நின்றது. தகரத்தில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அந்த அமைதிக்குள், மாலைகளுக்குப் பின்னாலிருந்து, சத்தம் வந்தது.

"ம்ம்ம்ம்."

பூசாரி முன்னால் வந்தார். "யாரு வந்திருக்கிறது?"

"ம்ம்ம்ம்."

"ஃபேக்டரிச் சாமியா?"

"ம்ம்ம்."

"என்னா வேணும்? கோழியா?" பதில் இல்லை. "சூடமா?" பதில் இல்லை. பூசாரி குரலைத் தாழ்த்தினார். "தண்ணியா?"

"ம்ம்ம்ம்ம்ம்," என்றது எஞ்சின். நீளமாகச் சொல்லி, ஒரு பெருமூச்சும் விட்டது. பூக்களுக்கு நடுவிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிப் பனியோடு கலந்தது.

பத்து வகுப்புப் படித்த பூசாரி சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். டிப்ளோமா படித்த நான் முள்ளைப் பார்த்தேன். குளிர் என்றது. சரி, தண்ணீர் ஆறித்தான் இருக்கிறது, திறந்து ஊற்றுவோம் என்று, கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன்.

மூடி போன இடம் இன்றுவரை தெரியாது. கூலன்ட் மருந்து கலந்த பச்சை நிறத் தண்ணீர் தேர் உயரத்துக்கு எழும்பியது. என் வலது மணிக்கட்டு வெந்தது. மேலே போனது பனியில் ஆறி, இளஞ்சூட்டுத் தூறலாகச் சனத்தின் மேல் விழுந்தது. அத்தனை பேரும் தீர்த்தம் என்று இரண்டு கையையும் ஏந்தினார்கள். தலைவரின் வெள்ளை வேட்டி பச்சையாகிக்கொண்டிருந்தது. அவரும் கையை ஏந்தி வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க!" என்று அலறினேன். "வெசம்! யாரும் குடிக்காதீங்க! தலையில கூடத் தெளிக்காதீங்க!" வெந்த கையோடு ஓடி ஓடி ஒவ்வொருவர் கையாகத் தட்டிவிட்டேன். சாமி கோபமாக இருக்கிறது என்று நான்கு பேர் என் காலில் விழுந்தார்கள்.

நான் அந்தப் பக்கம் ஓடிய இடைவெளியில், பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை, கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுக்கும் பக்தியோடு, எஞ்சின் மேல் ஊற்றினார். 'டங்' என்று கோயில் மணி போல ஒரு சத்தம். நடு ரோட்டரின் பெட்டியில் விரிசல் விழுந்துவிட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்த எஞ்சின் முழுதாகக் குளிர்ந்தது.

தேரைக் கயிறு கட்டிச் சனமே இழுத்துக்கொண்டு போனது. விளக்கும் தப்பும் பனிக்குள் மறைந்தன. ஜீப்பின் அருகே நானும் தலைவரும் கோகிலாவும் மட்டும் நின்றோம். அவள் கையில் ஒரு மாலை இருந்தது. பூவெல்லாம் கீரை போல வெந்து தொங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

மாலை அடைத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி என் தலையில் பாதிதான் விழும். அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. "என் தப்பு," என்றேன். "ஃபேனக் கழட்டுனது நான். முள்ள நம்புனதும் நான்."

அவர் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். ரோதமுனியின் கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோயில் வாசல்ல நிப்பாட்டச் சொன்னேன்."

"ஆமாங்க."

"இதுவும் கோயில் வாசல்தான்," என்றார். "வீட்டாளுகள வரச் சொல்லுங்க." பச்சை வேட்டியோடு தேருக்குப் பின்னால் நடந்து போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்தது. கை எரிந்ததால் என்று கோகிலாவிடம் சொன்னேன்.

ஜீப்பைக் கட்டி இழுத்துப் போவதற்காக, பாரம் குறையட்டும் என்று ஆட்களைக் கொண்டு எஞ்சினை அங்கேயே இறக்கி வைத்தேன். மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு நாலு நாள் கழித்து எடுக்கப் போனால், அது கல்லுக்குப் பக்கத்தில் சிமெந்து மேடையில் உட்கார்ந்திருந்தது, சந்தனத்தோடு. திருப்பிக் கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை. ரிஸ்வான் நானா மட்டும், "நான்தானே மொதல்ல சொன்னேன், உள்ளுக்கு ஆள் ஈக்கிறதுன்னு," என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கல்யாணமாகி எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். நான் எதையாவது பீற்றிக்கொள்ளத் தொடங்கினால், மாமனார் இல்லாத நேரம் பார்த்து வீட்டில் மூன்று பக்கத்திலிருந்தும் ஒரே கேள்வி வரும்: "காத்துக்கு எடம் விட்டாச்சா?" சின்னவளுக்கு வயது ஐந்து. அவளும் கேட்கிறாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் எஞ்சினுக்கு மாலை கட்டுவது கோகிலாதான். புகை போகும் மூன்று ஓட்டைகளையும் மூடாமல், இடம் விட்டுக் கட்டுவாள். அந்த ஓட்டைகளில் காற்றுப் புகுந்து அது இன்னமும் முனகும்.

போன வருடம் பூசை முடிந்து எல்லோரும் தேரோடு போன பிறகு, மாமனாரும் நானும் பின்தங்கினோம். பனி இறங்கியிருந்தது. அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மாப்ள, அன்னைக்கு மாலதானே காத்த அடச்சது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒங்களுக்கு எப்படி...?"

"இருவது வருசம் ஃபேன் ஓட்டுனவன்யா நானு. காத்து போகலன்னா என்னா ஆகும்னு தெரியாதா? காலையில மாலயப் பாத்தப்பவே தெரியும். நீங்க எம்புள்ளயக் காட்டிக் குடுக்குறீங்களான்னுதான் பாத்தேன்."

அவருக்கு எல்லாம் தெரியும் என்றால், அவருக்காக வருடா வருடம் நான் கும்பிட்ட கும்பிடெல்லாம் எதற்கு? பிறகு சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் அந்த வாசலில் நின்று கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தோம்.

"ம்ம்ம்ம்," என்றது எஞ்சின்.

"காத்து," என்றேன் நான், சிரிப்பு அடங்காமல்.

மாமனார் சிரிப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். பனி அசையாமல் நின்றது. மாடியில் அந்தப் பழைய ஃபேன் சுற்றவில்லை. தேயிலையில் ஒரு இலை ஆடவில்லை.

"எங்க மாப்ள காத்து?" என்றார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "குடத்த எடுங்க. தண்ணி கேக்குது."

எடுத்து ஊற்றினேன்.